ஊர் கரண்ட் பில்லைக் கேட்ட தலைவர்

வீட்டு கரண்ட் பில்லை செல்போனிலேயே பார்த்து, கட்டியும் விடுகிறோம். சரி, உங்க ஊர் பில் எவ்வளவு? தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் உள்ளாட்சி கட்டும் தொகை அது. அதைக் கேட்டுத்தான் ஒரு ஊராட்சித் தலைவர் சுற்றுச்சூழல் பணிக்கே வந்தார்.

கோவை மாவட்டம், மேட்டுப்பாளையம் பக்கத்தில் இருக்கிறது ஓடந்துறை. 1996 முதல் 2006 வரை அங்கு தலைவராக இருந்தவர் ஆர். சண்முகம். குடிநீரும் விளக்கும் பெருகப் பெருக, மின் கட்டணமும் ஏறியது. செலவைக் குறைக்க சூரிய ஒளி தெருவிளக்குகள் வந்தன. 2003-ல் மரக்கழிவை எரிவாயுவாக்கும் 9 கிலோவாட் கருவி வைத்து, குடிநீர் மோட்டாரை ஓட்டினார்கள்.

அடுத்தது காற்றாலை. 2006-ல் 350 கிலோவாட் காற்றாலையை ஊராட்சியே சொந்தமாக வாங்கியது. விலை ரூ.1.55 கோடி. ஊராட்சியின் சேமிப்பு ரூ.40 லட்சம், மீதி வங்கிக் கடன். காற்றாலை நிற்பது ஓடந்துறையில் இல்லைங்க, காற்று நன்றாக வீசும் உடுமலை பக்கம். அப்போ ஊருக்கு எப்படி உதவும்? உற்பத்தியாகும் மின்சாரம் மின்வாரியக் கட்டமைப்பில் சேரும். ஊராட்சியின் பயன்பாடு அதில் கழியும். மிச்சத்தை வாரியம் வாங்கிக்கொள்ளும். அந்தப் பணத்தில் கடன் அடையும். சண்முகத்துக்குப் பிறகு அவர் மனைவி லிங்கம்மாள் தலைவரானார்; பணி தொடர்ந்தது.

எல்லா ஊரும் காற்றாலை வாங்க முடியாது. ஆனால் கணக்கைக் கேட்க எல்லோராலும் முடியும். வேப்பந்தட்டை ஒன்றிய கிராமத்தில் இருக்கிறீர்களா? ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். வரவு-செலவு அங்கே வாசிக்கப்படும்போது மின் கட்டணத்தைக் கேளுங்க. பூலாம்பாடி பேரூராட்சி என்பதால் அங்கு கிராம சபை கிடையாது. வார்டு உறுப்பினரிடமோ செயல் அலுவலரிடமோ கேட்கலாம். பதில் வரலையா? ரூ.10 கட்டணத்தோடு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம்.

மூணே கேள்வி போதும்: போன வருஷம் எவ்வளவு கட்டினோம்? இந்த வருஷம் எவ்வளவு? எந்த மோட்டார் அதிகம் இழுக்குது? பகலிலும் எரியும் தெருவிளக்கைப் பார்த்தால், முதல்வரின் உதவி மையம் 1100-க்கு இன்றைக்கே சொல்லிடுங்க.