புழுதியும் கிடையும்

நுழையும்முன்

வானத்தை நம்பிய உழவுக்கும் புல்லை நம்பிய மேய்ச்சலுக்கும் நாள்காட்டி ஒன்று உண்டு. அஃது ஏட்டில் எழுதப்பட்டதன்று. மழை இறங்கும் நாளையும் கதிர் அறுக்கும் நாளையும் கொண்டு பல தலைமுறைகள் வகுத்தது. பருவநிலை மாற்றத்தால் அந்நாள்காட்டி குலையும்போது உழவரும் ஆயரும் எவ்வாறு ஈடுகொடுக்கின்றனர் என்பதைக் கடலூர் மாவட்டத்தை முன்னிறுத்தி இப்பாடம் விளக்குகிறது.

ஒரு மாவட்டம், இரு நிலம்

கடலூர் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1200 மி.மீ. மழை பெய்கிறது. தமிழ்நாட்டின் சராசரியைக் காட்டிலும் இது மிகுதி. இத்தகைய மாவட்டத்தில் வறள்நில வேளாண்மையா என்னும் ஐயம் எழலாம். அம்மழையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு வடகிழக்குப் பருவத்தில், அதிலும் சில நாள்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது என்பதே அதற்கு விடை.

கிழக்கே சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டங்கள் காவிரிப் படுகையின் கடைமடைகள். கொள்ளிடத்தின் கீழணையில் தேங்கும் நீர் வடவாற்றின் வழியே சென்று, முதலாம் பராந்தக சோழன் காலத்தில் உருவான வீராணம் ஏரியை நிரப்புகிறது. அங்கிருந்து வயல்களை அடைகிறது. மேற்கே விருத்தாசலம், திட்டக்குடி, வேப்பூர்ப் பகுதிகளில் செம்மண்ணும் கரிசலும் விரிகின்றன. வெலிங்டன் நீர்த்தேக்கத்தின் பாசனம் எட்டாத இடங்களில், கிணறும் இல்லாதவர்கள் வானம் பார்த்தே விதைக்கின்றனர். இவ்வட்டார மக்கள் மல்லாட்டை என்று அழைக்கும் நிலக்கடலையோடு வரகு, கம்பு, எள், பருத்தி, மக்காச்சோளம் ஆகியனவும் இங்கு விளைகின்றன. விருத்தாசலத்திற்கும் சிதம்பரத்திற்கும் இடைப்பட்ட தொலைவு 50 கி.மீ. கூட இல்லை. ஒருபுறம் மடை திறக்கும் நாளைக் கேட்கின்றனர். மறுபுறம் மேகம் திரளும் திசையைப் பார்க்கின்றனர்.

நாள் தவறும் மழை

2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 483 மி.மீ. மழை பதிவாயிற்று. கடலூர் மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியது. மறு ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. இவ்விரண்டுக்கும் இடையே கழிந்தவை 14 மாதங்களே. வெப்பநிலை ஒரு செல்சியசு பாகை உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைத் தாங்கும். எனவே பெய்யும்போது பெருமழையாகப் பெய்வதும், பெய்யாத நாள்களில் மண்ணின் ஈரத்தை விரைந்து உறிஞ்சுவதும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள்.

'மழை குறைந்துவிட்டது' என்னும் பொதுப்பேச்சு இம்மாவட்டத்தின் இடரை முழுமையாகச் சொல்வதில்லை. நிலக்கடலையை எடுத்துக்கொள்வோம். பூத்த பின்னர் அதன் விழுதுகள் மண்ணுக்குள் இறங்கினால்தான் காய் பிடிக்கும். அந்நாள்களில் மேல்மண் காய்ந்து இறுகியிருந்தால் விழுது வெளியிலேயே கருகிவிடும். அதே செடி முற்றி அறுவடைக்கு நிற்கையில் அடைமழை பெய்தால், கொத்து வகைகளின் பருப்பு நிலத்துக்குள்ளேயே முளைத்துவிடும். ஆண்டு முடிவில் மழைமானியின் கணக்கு சரியாக இருக்கக்கூடும். உழவரின் கணக்கு அப்படி இராது.

மரப்பயிரும் தப்பவில்லை. 2011 திசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல், பண்ருட்டிப் பகுதியின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. முந்திரி ஒட்டுக்கன்று மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கிவிடும். ஆயினும் முழு விளைச்சலை அடையப் பல ஆண்டுகள் ஆகும். அவ்விடைவெளியில் குடும்பம் உண்ண வேண்டுமே! இளந்தோப்பின் மரவரிசைகளுக்கு இடையே மல்லாட்டை விதைப்பது அதற்கு ஒரு வழி.

புழுதி

கோடையில் ஒரு மழை பெய்ததும் நிலத்தைச் சரிவுக்குக் குறுக்கே உழுதுவிடுவது மானாவாரி உழவின் முதற்பணி. உழுத மண் நீரை உள்வாங்கும். மேலே படியும் புழுதி, அடியில் உள்ள ஈரம் ஆவியாகாமல் மூடி நிற்கும். மண்ணில் உறங்கும் கூட்டுப்புழுக்கள் வெளிப்பட்டு வெயிலுக்கும் பறவைக்கும் இரையாகும். கரிசலில் ஆழச்சால் அகலப்பாத்தி அமைத்தால் பெருமழையின் மிகைநீர் சால்வழியே வடிந்து பண்ணைக்குட்டையில் சேரும். சோள விதையை 2 விழுக்காடு பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, பருவமழைக்குச் சற்று முன்னதாகவே விதைக்கும் முறையும் உண்டு. அவ்விதை மண்ணில் காத்திருந்து போதிய மழையில் முளைக்கும். தொடக்க வறட்சியைத் தாங்கும்.

விருத்தாசலத்தில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் நிலக்கடலை, எள், முந்திரி ஆகியவற்றில் புதிய இரகங்களை வெளியிட்டுள்ளது. நல்ல இரகம் வேண்டும். ஆனால் ஒரே பயிர் கொல்லை முழுவதையும் பிடித்துக்கொள்வது இடரானது. வரகும் கம்பும் விளைந்த பல நிலங்கள் மக்காச்சோளத்திற்கு மாறியிருந்த வேளையில், 2018ஆம் ஆண்டு படைப்புழு வந்தது. தமிழ்நாட்டின் மக்காச்சோள வட்டாரங்கள் பேரிழப்புக்கு உள்ளாயின. வரகு குறைந்த விலைக்குப் போவது உண்மைதான். எனினும் மழை பிந்திய ஆண்டில் உழவரைப் பட்டினியிலிருந்து காக்கும் ஆற்றல் அதற்கு இருந்ததை மறுக்க இயலாது.

திருக்குறளின் உழவு அதிகாரம் ஓரிடத்தில், ஒரு பலப் புழுதி கால் பலம் ஆகுமாறு உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டா என்கிறது. அடுத்த குறளோ, ஏர் உழுவதைவிட எரு இடுவது நன்று என்கிறது. முரண்போலத் தோன்றும் இவ்விரண்டும் மானாவாரி உழவர்க்கு ஒருசேரத் தேவைப்படுபவை. அந்த எருவைக் கொண்டுவருபவர் ஆயர்.

கிடை

இராமநாதபுரம், சிவகங்கை வறள்நிலங்களின் செம்மறி மந்தைகள் கோடையில் காவிரிப் படுகையை நோக்கி வருவது நெடுநாள் வழக்கம். மந்தைக்குத் தலைமை தாங்குபவர் கீதாரி. இவர்களின் வாழ்வைச் சு. தமிழ்ச்செல்வி 'கீதாரி' என்னும் புதினமாகவே எழுதியுள்ளார். பகலில் அறுவடை முடிந்த வயல்களில் மேயும் ஆடுகளை இரவில் ஒரு வயலில் வலையோ படலோ கட்டி மடக்குவதே கிடை. நில உடைமையாளர் அதற்கு நெல்லோ பணமோ தருவார். ஆட்டெருவில் தழைச்சத்து ஏறத்தாழ 3 விழுக்காடு. தொழுவுரத்தில் அது அரை விழுக்காட்டளவே. மேலும், தொழுவத்தில் வீணாகும் சிறுநீரும் கிடையில் மண்ணிலேயே இறங்கிவிடுகிறது. சுமந்து செல்லும் கூலியும் மிச்சம். கரிமச்சத்து கூடிய மண் ஈரத்தைக் கூடுதல் நாள் பிடித்து வைக்கும் என்பதால், கிடை உரமிடுதலாகவும் வறட்சிக்காப்பாகவும் அமைகிறது.

ஆப்பிரிக்காவின் சாகெல் வறள்நிலத்தில் புலானி ஆயர்களும் இவ்வாறே தினை வகைகளின் தாளில் மாடுகளை மேய்த்து, சாணத்தைக் கொல்லைக்கு விட்டுச்செல்கின்றனர்.

இவ்வுடன்பாடு நாள்களின்மேல் நிற்பது. சிதம்பரம் பகுதியில் சம்பா அறுவடையை ஒட்டி, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போதே உளுந்தும் பயறும் தெளிக்கப்படுகின்றன. பயறு எடுத்த பின்னரே மந்தைக்கு வயல் கிடைக்கும். மேட்டூர் அணையின் இயல்பான திறப்புநாள் சூன் 12. திறப்பு பிந்தினால் சம்பா பிந்தும், பயறு பிந்தும், கிடைக்குரிய வாரங்கள் சுருங்கும். இடையில் பருவம் தவறிய மழை பெய்தால், சேற்றில் நிற்கும் ஆடுகளுக்குக் குளம்பழுகல் வரும். மழைக்காலத்தில் கடிக்கும் நுண்பூச்சிகள் பெருகி நீலநாக்கு நோயைப் பரப்பும். ஒதுங்க வேண்டிய மேய்க்கால் புறம்போக்குகளோ ஊர்தோறும் குறைந்து வருகின்றன.

2016-17இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய நீடித்த மானாவாரி வேளாண்மை இயக்கம், நிலங்களைத் தொகுப்புகளாக்கிக் கோடை உழவுக்கும் தடுப்பணைகளுக்கும் உதவியது. அத்தகைய தொகுப்பு ஒவ்வொன்றிலும் கிடைக்கும் இடம் ஒதுக்கினால் இரு தொழிலுக்கும் பயன் உண்டு. மேற்கில் மக்காச்சோளமும் பருத்தியும் முடிந்த கொல்லைகளில் மாசி வரை மந்தை தங்கலாம். பின்னர்க் கிழக்கின் பயறு வயல்களுக்குச் செல்லலாம். கிடை கிடந்த கொல்லையைக் கோடைமழையில் உழும்போது எரு புழுதியோடு கலந்துவிடும். இதற்குச் சில ஏற்பாடுகள் வேண்டும். பருத்திக்குப் பூச்சிமருந்து அடித்த நாளை ஆயருக்குச் சொல்லிவிட வேண்டும். வறட்சியில் வாடிய இளஞ்சோளத்தில் ஹைட்ரோசயனிக் அமிலம் மிகுந்திருக்கும். அதை மேய்ந்த ஆடு மடியும். ஆகவே அத்தகைய கொல்லை எது என்பதையும் மந்தை வருமுன்னரே அறிவிக்க வேண்டும். பண்ணைக்குட்டை வற்றிய ஊரில், இரவு மடக்கும் ஆடுகளுக்குத் தண்ணீர் எவர் கிணற்றிலிருந்து என்பது கிடைக்கூலியோடு சேர்த்துப் பேசி முடிக்க வேண்டிய செய்தி.