வாட் கூடினால் அழுக்கு போகுமா?

கேள்வி: அப்பா சேர்த்துவைத்த எல்.பி. தட்டுகளில் தூசியும் பூஞ்சையும் ஏறி, பாட்டைவிடக் கரகரப்புதான் அதிகம் கேட்கிறது. அல்ட்ராசோனிக் கிளீனர் வாங்கப் போகிறேன். வாட் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்கிறார் கடைக்காரர். சரிதானா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: இதை வாங்கிய பிறகு கேட்பவர்கள்தான் அதிகம், நீங்கள் முன்னாடியே கேட்டுவிட்டீர்கள், நல்லது.

வாட் தொட்டியின் அளவுக்குப் பொருந்தினால் போதும். சில விளம்பரங்களில் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டரின் வாட்டையும் சேர்த்துப் பெரிய எண்ணாகப் போட்டிருப்பார்கள். அதில் மயங்க வேண்டாம்.

ஒலி அலை தட்டை உலுக்கி அழுக்கை உதிர்க்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வேலை செய்வது தண்ணீர். அலை பாயும்போது அதில் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் தோன்றி, உடனே நொறுங்குகின்றன. இதற்கு கேவிட்டேஷன் என்று பெயர். நொறுங்கும் வேகத்தில் பீறிடும் நீர், பள்ளத்துக்குள் ஒட்டியிருக்கும் அழுக்கைப் பெயர்க்கிறது. அலுமினியத் தாள் ஒன்றைத் தொட்டிக்குள் சிறிது நேரம் பிடித்துப் பாருங்கள், பொடிப்பொடியாக ஓட்டை விழுந்திருக்கும்.

ஆகவே பார்க்க வேண்டியது அதிர்வெண், அதாவது நொடிக்கு எத்தனை அலை என்பது. 40 கிலோஹெர்ட்ஸில் குமிழி பெரிது, அடியும் பலம். 120-ல் குமிழி சிறிது, அடி மென்மை. எல்.பி.யின் பள்ளம் மேல்விளிம்பிலேயே ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும். பணம் இடம் கொடுத்தால் 80-க்கு மேல் வாங்குங்கள். 40-தான் கிடைக்கிறது என்றாலும் பாதகமில்லை, ஆனால் தட்டை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கக் கூடாது. 40-ல் அலைநீளம் தண்ணீரில் ஏறக்குறைய 3.75 செ.மீ.; அதனால் தொட்டிக்குள் அடி பலமாக விழும் இடமும் விழாத இடமும் மாறி மாறி வரும். மெதுவாகச் சுழற்றும் மோட்டார் உள்ளதா, இரண்டு தட்டுக்கு நடுவே ஓர் அங்குலமாவது இடைவெளி விடுகிறதா, நடு லேபிள் நனையாமல் நிற்கிறதா என்று கேளுங்கள்.

சூடுதான் பெரிய எதிரி. இயந்திரம் ஓட ஓட ஹீட்டர் போடாமலே தண்ணீர் சூடேறும். வினைல் ஒரு பிளாஸ்டிக். கை பொறுக்கும் வெதுவெதுப்பைத் தாண்டவிட்டால் தட்டு வளையலாம். வெப்பநிலை காட்டும் மாடலாக வாங்கி, 35 டிகிரியை ஒட்டி நிறுத்திக்கொள்ளுங்கள்.

குழாய்த் தண்ணீரின் உப்பு, காய்ந்ததும் பள்ளத்திலேயே படிந்துவிடும். பேட்டரி கடையில் விற்கும் டிஸ்டில்ட் வாட்டரே போதும். கழுவி முடித்து, புதிதாக ஊற்றிய டிஸ்டில்ட் வாட்டரில் இன்னொரு முறை அலசிக் காயவையுங்கள். கீறலை மட்டும் எந்த இயந்திரமும் போக்காது.

பெட்டியில் 78 ஆர்.பி.எம். தட்டுகள் இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். அவை பெரும்பாலும் அரக்கில் வார்த்தவை. ஆல்கஹால் கலந்த திரவம் பட்டால் கரைந்துவிடும்.