சிரிப்பைச் சுமந்த சுருள்கள்

நுழையும்முன்
எழுதி வைத்த நகைச்சுவை ஏட்டில் வாழும். நடித்துக் காட்டிய நகைச்சுவை படச்சுருளில் வாழும். சுருள் அழிந்தால் அதனோடு ஒரு தலைமுறையின் பேச்சும் சிரிப்பும் மறைந்துபோகும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் மலைத் தொடர்வண்டி, லவ்டேலைக் கடந்து பெர்ன்ஹில் வழியாக உதகையை அடைகிறது. இந்தக் குளிர்மலை நகரில்தான் 1960ஆம் ஆண்டு, படச்சுருள் தயாரிப்பதற்காக இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம் தொடங்கப்பெற்றது. படச்சுருளைச் செய்வதற்கும் காப்பதற்கும் தூசியற்ற, குளிர்ந்த சூழல் வேண்டும். தொடக்ககாலப் பேசும்படங்கள் பலவற்றுக்கு அத்தகைய பாதுகாப்பு வாய்க்கவில்லை.

தமிழின் முதல் பேசும்படமாகிய 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து புராணக் கதைகளும் பாடல்களும் திரையை நிறைத்தன. அரசரும் தேவரும் செந்தமிழில் உரையாடிய அக்காலத்தில், வீட்டிலும் தெருவிலும் வழங்கிய தமிழுக்கு இடமளித்தவை நகைச்சுவைக் காட்சிகளே. முதன்மைக் கதையோடு தொடர்பில்லாத சிறு நகைச்சுவைப் படங்களும் தனியே எடுக்கப்பெற்று, பெரிய படங்களுடன் சேர்த்துத் திரையிடப்பட்டன.

பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தைத் தழுவி, ஏவி. மெய்யப்பனும் ஏ.டி. கிருஷ்ணசாமியும் இயக்கிய 'சபாபதி' 1941இல் வெளியானது. இதில் முதலாளிக்கும் பணியாளுக்கும் ஒரே பெயர். முதலாளியாக டி.ஆர். இராமச்சந்திரனும் பணியாளாகக் காளி என். ரத்தினமும் நடித்தனர். சொல்லின் கருத்தை உணராமல், சொன்னதைச் சொன்னபடியே செய்து குழப்பம் விளைவிக்கிறான் பணியாள். தொல்காப்பியர் நகை தோன்றும் இடங்களுள் ஒன்றாக 'மடன்' என்பதைக் குறிக்கிறார். கேட்டதை உய்த்துணராது மெய்யெனக் கொள்வதே மடன் என்பது உரையாசிரியர் விளக்கம். பழைய இலக்கணம் வகுத்த அந்நகை, புதிய கலையில் உயிர்பெற்று நிற்கக் காண்கிறோம். இப்படத்தில் தமிழாசிரியரும் நகைப்புக்கு உள்ளாகிறார். அதனைக் கண்டு தமிழாசிரியர்களும் சிரிக்கலாம்.

'சபாபதி' எஞ்சியது, பல படங்கள் எஞ்சவில்லை. அக்கால நைட்ரேட் சுருள்கள் எளிதில் தீப்பற்றுவன. நாளடைவில் தாமே சிதைவன. ஓட்டம் முடிந்த படத்தைப் பேணுவாரும் அரியர். சுருளிலிருந்த வெள்ளிக்காகவே உருக்கப்பட்டவையும் உண்டு. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல் அமைவதற்குள் இழப்பு பெரிதாகிவிட்டது. 'காளிதாஸ்' படத்தின் சுருளும் இன்று கிடைக்கவில்லை.

பெயர் மறந்த ஒரு பழைய நகைச்சுவைப் படம் கிடைக்கும்போது ஆர்வலர்கள் மகிழ்வதன் காரணம் இதுவே. அக்கால மக்கள் எப்படிப் பேசினர், எதைக் கண்டு சிரித்தனர் என்பதை அது நேரில் காட்டுகிறது. ஏடு தேடிய உ.வே.சா.வின் உழைப்பைப் போற்றும் நாம், சுருள் தேடுவோரின் உழைப்பையும் போற்றுதல் தகும்.

சிந்தனை வினா
உங்கள் வீட்டு முதியோர் கண்டு சிரித்த பழைய நகைச்சுவைக் காட்சி ஒன்றைக் கேட்டறிந்து, அதில் நகை பிறந்த காரணத்தை விளக்குக.