சதுர அலையைப் பிறப்பிக்க ஓர் எளிய கருவி

கேள்வி: பள்ளிக் கண்காட்சிக்காக, அதிர்வெண்ணைக் கூட்டவும் குறைக்கவும் இயலுகிற சதுர அலைக் கருவியைச் சொற்பச் செலவில் செய்யலாமா?
— ஒரு மாணவர், நல்லம்பள்ளி

பதில்: தாராளமாகச் செய்யலாம். சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் காமென்சிண்ட் 1971-இல் சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்த 555 என்னும் எட்டுக்கால் ஐ.சி., தருமபுரியிலோ சேலத்திலோ எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகளில் கேட்டால் கிடைக்கும்.

8, 4 ஆகிய கால்களை 9 வோல்ட் பேட்டரியின் நேர்முனையிலும், 1-ஆம் காலை எதிர்முனையிலும் சேர்த்து, 2-ஐயும் 6-ஐயும் ஒன்றாக இணைத்து, அவ்விணைப்பிலிருந்து 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சரை எதிர்முனைக்கும், 1 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு தொடராகக் கோத்த 100 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரை 3-ஆம் காலுக்கும் கொண்டு செல்லுங்கள். 7-ஆம் கால் சும்மா இருக்கட்டும்.

3-ஆம் கால் உயர்ந்து நிற்கையில் கண்டென்சர் மெல்ல நிரம்பி, பேட்டரி அழுத்தத்தின் மூன்றில் இரு பங்கை எட்டிய க்ஷணத்தில் அக்கால் சட்டென்று தாழ்கிறது; பிறகு மின்னூட்டம் அதே பாதையில் வடிந்து மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியதும் மறுபடி உயர்கிறது. நிரம்புவதும் வடிவதும் ஒரே தடையின் வழியாகவே என்பதால் அலையின் இரு பாதிகளும் ஏறத்தாழச் சமம். பாடநூல்களில் பிரசித்தமான, இரண்டு ரெசிஸ்டர் கொண்ட முறையில் இந்த லட்சணம் இல்லாமையால், நான் இதையே விரும்புகிறேன். 7555 என்னும் சீமாஸ் வகை கிடைத்தால் சமநிலை இன்னும் செம்மைப்படும்.

பொட்டென்ஷியோமீட்டரைத் திருகினால், சுமார் 70 ஹெர்ட்ஸ் முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை பெறலாம். ஸ்பீக்கரை மட்டும் நேரே இணைக்காதீர்கள். கண்டென்சரை நிரப்புவதும் அந்த 3-ஆம் காலே ஆதலால் பளு ஏறினால் அதிர்வெண் பிசகும், இடையில் ஒரு டிரான்சிஸ்டர் அவசியம்.