பழைய மொடலா, புதிய மொடலா? சீவுளி மெஷின் சொல்லித்தரும் வியாபாரப் பாடம்

கொச்சிக்கடையில் கடையைத் திறந்து உட்கார்ந்தால், வாரத்தில் இரண்டு மூன்று பேராவது என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “முதலாளி, பிளேனர் ஒன்று எடுக்கணும். பழைய மொடல் எடுக்கவா, புதுசு எடுக்கவா?” பாஸ்மார் பிளேனர் என்பார்கள். நமது பழைய ஓடாவிமார் சீவுளி மெஷின் என்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

கேட்பவர் கோடீஸ்வரர் அல்ல. கதவு, ஜன்னல், அலுமாரி செய்து பிழைப்பவர். கையில் இருப்பது அளவான காசு. பழைய மொடலுக்கு விலை குறைவு, புதியதற்கு விலை கூட. அவருக்கு நாம் சொல்லும் ஒரு வார்த்தையில் அவருடைய இரண்டு மூன்று வருட உழைப்பு தங்கியிருக்கிறது. ஆகவே இந்த வாரம் இதையே பாடமாக எடுத்துக்கொள்வோம். வாங்குவோருக்கும் இது பயன்படும், விற்போருக்கும் பயன்படும்.

உள்ளே இருப்பது என்ன?

ஜப்பானின் மகீட்டா கம்பனி 1915இல் நகோயாவில் மோட்டார் விற்று, மோட்டார் திருத்தும் கடையாகத் தொடங்கியது. 1958இல் ஜப்பானின் முதலாவது மின்சாரச் சீவுளியை அவர்கள்தான் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அன்று தொட்டு இன்று வரை கைச்சீவுளி மெஷினின் அடிப்படை மாறவில்லை. ஒரு மோட்டார், அது சுழற்றும் பெல்ட், பெல்ட் சுழற்றும் உருளை, உருளையில் இரண்டு பிளேட், முன்னால் ஏறி இறங்கும் அடித்தட்டு. இவ்வளவுதான். பெட்டியின் நிறமும் கைப்பிடியின் வளைவும் மாறியதைப் பார்த்து, மெஷினே மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

பெயர் மாறினாலும் இதே கதைதான். ஹிட்டாச்சி என்று நாம் அறிந்த மின்கருவிகள் 2018இல் ஹைகோக்கி என்ற பெயருக்கு மாறின. பழைய பெயர் போட்ட மெஷின் என்பதற்காக அது அநாதையாகிவிட்டது என்று பொருளல்ல. மலிவு விலைக்கு வந்த மக்டெக் என்ற செம்மஞ்சள் நிற மெஷின்களும் பிறகு மகீட்டாவின் எம்.டி. வரிசைக்குள் போய்விட்டன. பெயரையும் நிறத்தையும் விட்டுவிட்டு, மொடல் இலக்கத்தையும் உதிரிப்பாக இலக்கத்தையும் பார்க்கப் பழக வேண்டும்.

பெட்டியில் உள்ள இலக்கங்களை வாசிப்பது எப்படி?

ஓர் உதாரணம் பார்ப்போம். பல ஆண்டுகளாக பாஸ்மாரின் கையில் பழகிய மகீட்டா என் 1900 பி என்ற மொடல் 82 மில்லிமீற்றர் அகலம் சீவும். ஒரு தடவைக்கு 1 மில்லிமீற்றர் ஆழம். மோட்டார் 580 வொட். நிமிடத்துக்கு 16,000 சுற்று. அதற்குப் பின் வந்த கே.பி. 0800 மொடலும் அதே 82 மில்லிமீற்றர் அகலம்தான். ஆழம் 2.5 மில்லிமீற்றர், மோட்டார் 620 வொட், சுற்று 17,000.

கடைக்காரர் என்ன சொல்வார்? “பழையது ஒரு மில்லி, இது இரண்டரை மில்லி. வேலை இரண்டரை மடங்கு ஓடும்” என்பார். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொல்லி விற்றிருக்கிறேன். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆழம் இரண்டரை மடங்கு கூடியிருக்கிறது. மோட்டாரின் சக்தி கூடியது 40 வொட் மட்டும், அதாவது நூற்றுக்கு ஏழு. பலாப் பலகையிலோ முதிரையிலோ முழு அகலத்துக்கும் இரண்டரை மில்லி வைத்துத் தள்ளினால் மோட்டார் திணறும், சூடாகும், கடைசியில் ஆமேச்சர் கருகும்.

அப்படியானால் அந்த இரண்டரை மில்லி பொய்யா? பொய்யல்ல. அது கதவின் ஓரத்துக்கு. கதவுப் பலகையின் ஓரம் 40 மில்லிமீற்றர் என்று வையுங்கள். 40ஐ 2.5ஆல் பெருக்கினால் 100. முழு அகலத்தில் ஒரு மில்லி சீவினால் 82. இரண்டிலும் மோட்டாருக்குச் சுமை ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே வீடு வீடாகப் போய்க் கதவு பொருத்தி, ஓரம் குறைப்பவருக்குப் புதிய மொடல் நேரத்தை மிச்சமாக்கும். பட்டறையில் பலகையின் முகத்தைச் சீவி மினுக்குபவருக்குப் பழைய மொடலே போதும்.

வழுவழுப்பு வேண்டுமென்றால் அதற்குக் காரணம் வேறு. இரண்டு பிளேட், 16,000 சுற்று என்றால் நிமிடத்துக்கு 32,000 வெட்டு. மெதுவாகத் தள்ளினால் வெட்டுகள் நெருங்கி விழும், மரம் வழுவழுப்பாகும். அவசரமாகத் தள்ளினால் எந்தப் புதிய மொடலும் அலை அலையாகத்தான் சீவும்.

பெரிய மெஷினிலும் பிளேட்டைத்தான் எண்ண வேண்டும். டிவோல்ட்டின் டி.டபிள்யூ. 733 என்ற கனச்சீவுளியில் இரண்டு பிளேட். அதற்குப் பின் வந்த 735இல் மூன்று பிளேட், இரண்டு வேகம். மெதுவான வேகத்தில் அங்குலத்துக்கு 179 வெட்டு, வேகமானதில் 96. தளபாடம் செய்பவருக்கு இந்த வித்தியாசம் மணல்தாள் தேய்க்கும் கூலியில் தெரியும். பந்தலுக்கும் கூரைக்கும் மரம் சீவுபவருக்கு இது வீண் செலவு.

“பழையது” என்பதில் மூன்று வகை

இந்தப் பாடத்தின் முக்கியமான இடம் இதுதான். பழைய மொடல் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் மூன்று வேறு சரக்குகள்.

ஒன்று, வடிவம் பழையது, ஆனால் இன்றும் கம்பனி செய்துகொண்டிருப்பது. இதைப் பயமின்றி வாங்கலாம். வருடக்கணக்காக விற்ற மெஷின் என்பதால் பெல்ட், காபன் பிரஷ், பெயாரிங், ஆமேச்சர் எல்லாம் கடைகளில் இருக்கும். திருத்துபவரின் கையும் பழகியிருக்கும்.

இரண்டு, கம்பனி உற்பத்தியை நிறுத்திவிட்டு, இறக்குமதியாளரிடம் மிஞ்சிக் கிடப்பது. பெட்டி உடையாதது, மெஷின் புத்தம் புதியது, விலையும் மலிவு. ஆனால் நாளை பெல்ட் அறுந்தால் கதை வேறு.

மூன்று, ஜப்பானில் பாவித்துவிட்டு வருவது. சரக்கு நல்லதாக இருக்கும். ஆனால் அங்கு வீட்டு மின்சாரம் 100 வோல்ட், இங்கு 230 வோல்ட். ட்ரான்ஸ்போமர் இல்லாமல் பிளக்கைச் செருகினால் அடுத்த நிமிடமே புகை வரும். ட்ரான்ஸ்போமரும் மெஷினின் வொட்டுக்கு மேலே தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதன் விலையையும் மெஷினின் விலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் அனுப்பும் 120 வோல்ட் மெஷினுக்கும் இதே எச்சரிக்கைதான்.

நான் செய்த தவறு

2019இல் ஓர் இறக்குமதியாளர், உற்பத்தி நின்றுபோன சீவுளி மெஷின்கள் சிலவற்றை மலிவு விலைக்குத் தள்ளினார். பதினொன்று எடுத்தேன். இரண்டு மாதத்தில் அத்தனையும் விற்றுத் தீர்ந்தன. நல்ல இலாபம். வாங்கியவர்களில் ஒருவர் மட்டக்குளிப் பக்கத்து பாஸ். மனைவியின் வளையலை அடகு வைத்து வாங்கினார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

2022ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை போனது. இறக்குமதி முடங்கிக் கிடந்தது. அந்த நேரத்தில் அவருடைய மெஷினின் பெல்ட் அறுந்தது. பழைய சோனகத் தெரு, பஞ்சிகாவத்தை எல்லாம் அலைந்திருக்கிறார். அந்த மொடலுக்கு பெல்ட் கிடைக்கவில்லை. பதினான்கு கதவுக்கு முற்பணம் வாங்கியிருந்தார்.

ஒரு நாள் காலையில் வந்து மெஷினை எனது மேசையில் வைத்தார். சத்தம் போடவில்லை.

“முதலாளி, இது நின்றுபோன மொடல் என்று உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும், பாஸ்.”

“அப்ப ஏன் சொல்லல்ல?”

நீங்கள் கேட்கவில்லையே என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. மதீனாச் சந்தையில் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கை விட்டபோது உள்ளே ஈரமிருந்ததும், அந்த ஈரத்தை மக்கள் பார்க்கும்படி ஏன் மேலே வைக்கவில்லை என்று வியாபாரியைக் கேட்டதும் நாம் சிறு வயதிலிருந்தே கேட்டு வரும் ஹதீஸ். அந்த வியாபாரியிடமும் எவரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. சொல்ல வேண்டிய கடமை விற்பவனுடையது. எனது கடையில் ஈரம் பெட்டிக்குள் இருந்தது.

கடையில் இருந்த வேறொரு மெஷினை அவருக்கு இரவலாகக் கொடுத்தேன். திருத்துமிடத்தில் செத்துக் கிடந்த அதே மொடல் ஒன்றிலிருந்து பெல்ட்டைக் கழற்றிப் போட்டுக் கொடுக்கப் பத்து நாள் ஆனது. மெஷினை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எனது கடைக்கு அவர் ஆணி வாங்கக்கூட வரவில்லை. அந்த மெஷினில் எனக்குக் கிடைத்த மேலதிக இலாபத்தையும், போன வாடிக்கையாளரையும் இன்றும் எடை போட்டுப் பார்க்கிறேன். தராசு ஒரு பக்கமாகவே சாய்கிறது.

வாங்குபவர் கேட்க வேண்டியவை

ஒன்று, இந்த மொடல் இன்னும் உற்பத்தியில் இருக்கிறதா?

இரண்டு, பெல்ட்டும் காபன் பிரஷும் இப்போது கடையில் இருக்கின்றனவா? “எடுத்துத் தரலாம்” என்பது பதிலல்ல. கண்ணால் பாருங்கள். முடிந்தால் ஒரு சோடியை மெஷினோடு சேர்த்து வாங்குங்கள்.

மூன்று, எந்த வகை பிளேட்? தீட்டிப் பாவிக்கும் இரும்பு பிளேட்டா, இருபக்கமும் கூருள்ள, திருப்பிப் போட்டுப் பிறகு வீசும் சிறிய பிளேட்டா? பல மெஷின்களில் பிடிதட்டை மாற்றினால் இரண்டையும் பூட்டலாம். அந்தத் தட்டு பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். காபைட் பிளேட் நீண்ட நாள் உழைக்கும், தேக்குக்கு நல்லது. ஆனால் பழைய வீட்டு மரத்தில் மறைந்திருக்கும் ஆணியில் பட்டால் உடைந்து தெறிக்கும். அந்த வேலைக்குத் தீட்டும் பிளேட்தான் சிக்கனம். எதுவானாலும் இரண்டையும் ஒன்றாகவே மாற்றுங்கள். எடை வித்தியாசப்பட்டால் மெஷின் நடுங்கும்.

நான்கு, எனது வேலை பலகையின் முகமா, கதவின் ஓரமா?

பிறகு ஒரு சிறிய கணக்கு. பழையது 30,000 ரூபா, புதியது 40,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 10,000. உங்கள் ஒரு நாள் உழைப்பு 5,000 என்றால், உதிரிப்பாகம் தேடி இரண்டு நாள் அலைந்தாலே அந்த மிச்சம் போய்விட்டது. அலைய வேண்டியதில்லை என்றால் பழையதே இலாபம். ஆக, விலைச்சீட்டில் உள்ள தொகை மெஷினின் விலையல்ல. அது நின்றுபோகும் நாட்களையும் சேர்த்ததுதான் விலை.

விற்பவருக்கு ஒரு வார்த்தை

உற்பத்தி நின்ற சரக்கை விற்பது ஹராம் அல்ல. மறைத்து விற்பதுதான் பிழை. இப்போது நான் அப்படியான சரக்கு எடுத்தால் மெஷின் ஒன்றுக்கு இரண்டு பெல்ட் வீதம் சேர்த்தே எடுக்கிறேன். பெல்ட் இல்லையென்றால் சரக்கும் வேண்டாம். பில்லில் “உற்பத்தி நின்ற மொடல்” என்று கையால் எழுதிக் கொடுக்கிறேன். அதை வாசித்துவிட்டுச் சிலர் வாங்காமல் போகிறார்கள். விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேட்டு வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அப்படி வாங்கிப் போனவர்கள் திரும்பி வருகிறார்கள்.

தையல் மெஷின் விற்பவருக்கும், கைத்தொலைபேசி விற்பவருக்கும், தண்ணீர் மோட்டார் விற்பவருக்கும் இதே பாடம்தான். உங்கள் ராக்கையில் இன்று என்னென்ன நின்றுபோன சரக்கு இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். அதை வாங்குபவர் கேட்கும் முன் நீங்கள் சொல்லிவிடுங்கள். இன்ஷா அல்லாஹ், வியாபாரத்தில் பரக்கத் அங்கிருந்துதான் தொடங்கும்.