அறுந்த இழைகள்

எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்பது பழமொழி. அச்சிரசினுள் அமைந்த மூளை ஏறத்தாழ 1.4 கிலோ எடையே உள்ளது. ஆயினும் நடை, பேச்சு, நினைவு, குணம் ஆகிய யாவும் அதன் ஆட்சிக்கு உட்பட்டவை. ஆதலின் தலையில் பலத்த அடிபட்டார் துன்பம், எலும்பு முறிவைப் போலச் சில திங்களில் நீங்குவதன்று.

திருவள்ளூர் மாவட்டத்துப் பொதட்டூர்பேட்டை நெசவிற்குப் பெயர் பெற்ற ஊர். தறியில் பாவு இழைகள் அறுந்தால் துணியில் குறை தோன்றும் என்பதை அவ்வூர்ச் சிறுவரும் அறிவர். மூளையும் எண்ணற்ற நுண்ணிய நரம்பிழைகளால் ஆனது. விரைந்து செல்லும் வண்டியிலிருந்து ஒருவர் விழும்பொழுது, மண்டையினுள் மூளை அதிர்ந்து குலுங்குகிறது. இழைகள் இழுபட்டுச் சிதைகின்றன. சில வேளைகளில் குருதி கசிந்து மூளையை அழுத்துகிறது.

தறிக்கும் மூளைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. தறியில் அறுந்த இழையை நெசவாளர் முடிந்துவிடுவார். மூளையில் அறுந்தவற்றை அவ்வாறு முடிந்து தருவார் எவரும் இலர். எஞ்சிய நரம்புகளே புதிய தொடர்புகளை அமைத்து, இழந்த பணியை இயன்றவரை ஏற்றுக்கொள்கின்றன. அதற்குப் பயிற்சியும் வேண்டும், காலமும் வேண்டும்.

மயக்கம் தெளிந்தவுடன் நோயாளி நலம் பெற்றுவிட்டார் எனப் பலர் கருதுவர். உண்மையில் நெடும்பயணம் அன்றுதான் தொடங்குகிறது. எழுந்து அமர்தல், உணவை விழுங்குதல், பொத்தான் இடுதல், பெயர்களை நினைவு கூர்தல் ஆகியவற்றை அவர் மீண்டும் கற்க வேண்டும். முன்னேற்றம் முதல் சில திங்களில் விரைவாகவும், பின்னர் மெதுவாகவும் நிகழும். ஆண்டுகள் கடந்த பின்னும் சிறிது சிறிதாகத் தொடர்வதுண்டு. முன்பு அமைதியாக இருந்தவர் எளிதில் சினம் கொள்ளலாம், சொன்னதை மறக்கலாம், சிறு வேலைக்கும் சோர்ந்து போகலாம். தலைப்புண் ஆறிவிட்டமையால் அயலார் இதனைச் சோம்பல் என்று இகழ்வர். கண்ணுக்குத் தெரியாத காயத்தைவிட இவ்விகழ்ச்சி அவரை மிகுதியாக வருத்தும்.

1848-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இருப்புப்பாதை வேலையின்போது வெடி வெடித்து, பினியாஸ் கேஜ் என்பவர் தலையை ஓர் இரும்புக் கம்பி துளைத்துச் சென்றது. அவர் உயிர் பிழைத்தார். எனினும் குணம் மாறியது. பழைய கேஜ் இவர் அல்லர் என்று நண்பர்கள் கூறினர். ஆயினும் பின்னாளில் அவர் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார். ஒழுங்கான அன்றாட வேலை அவரைத் தாங்கியிருக்கலாம் என அறிஞர் சிலர் எண்ணுகின்றனர்.

நம் நாட்டில் மூளை, நரம்பு அறுவைக்கென முதல் துறையை 1949-ஆம் ஆண்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். அக்கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-ஆம் ஆண்டில் வண்டி விபத்துக்குள்ளாகி, இரு கால்களும் செயலிழந்தார். அவர் மனம் தளரவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். நியூயார்க்கு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவர் முயற்சியால் 1966-ஆம் ஆண்டில் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாயிற்று. தண்டுவடமும் மூளையும் அடிபட்டோர் அங்கே வாழக் கற்கின்றனர்.

மருத்துவமனையில் பெறும் பயிற்சி வீட்டிலும் தொடர வேண்டும். நாள்தோறும் ஒரே ஒழுங்கு, எழுதி வைத்த குறிப்பு, போதிய ஓய்வு, இனிய சொல் ஆகிய நான்கும் நோயாளிக்கு உற்ற துணை. அவர் தாமே செய்யக்கூடியதைப் பிறர் செய்து முடித்தல் அன்பாகாது. பொறுத்திருந்து செய்ய விடுதலே அன்பாகும்.

இருசக்கர வண்டியில் செல்வோர் தலைக்கவசம் அணிதல் வருமுன் காக்கும் வழி. வந்த பின்னரோ, பொறுமையே மருந்து. இவ்விரண்டையும் மாணவர் தம் இல்லத்தார்க்கு எடுத்துரைத்தல் கடமையாகும்.