பாட்டியின் சுருக்குப்பை

பிச்சாட்டூர் அருகே ஒரு சிற்றூர். மாலையில் பெண்கள் படிக்கக் கூடினோம். ஒரு பாட்டி தம் சுருக்குப்பையை அவிழ்த்தார். உள்ளே இரண்டு பழைய காசுகள் இருந்தன. ஒன்று ஓட்டைக் காலணா. மற்றொன்று வெள்ளி ரூபாய்.

"வெள்ளியை எடைக்குப் போடப் போகிறேன் கண்ணு. பேத்திக்கு நோட்டு, பை வாங்க வேண்டும். புளி போட்டுத் தேய்த்தால் பளபளப்பாகும்" என்றார்.

"தேய்க்காதீர்கள் பாட்டி! முதலில் அதில் உள்ள எண்ணைப் படியுங்கள்" என்றேன்.

பாட்டி காசை விளக்கின் அருகே பிடித்தார். மெல்லப் படித்தார். "1911."

பழையது எல்லாம் அரியது அல்ல

ஓட்டைக் காலணா 1943 முதல் 1947 வரை வந்தது. அது தொடங்கியது போர்க்காலத்தில். செம்பு தட்டுப்பாடு. அதனால் நடுவில் ஓட்டை போட்டார்கள். கோடிக்கணக்கில் அடித்தார்கள். இன்றும் எளிதில் கிடைக்கிறது. ஆகவே விலை குறைவு.

1911 வெள்ளி ரூபாயின் கதை வேறு. அதில் ஐந்தாம் ஜார்ஜ் அரசரின் உருவம் உண்டு. அவர் அங்கியில் ஒரு சிறு யானை. அதன் தும்பிக்கை குட்டை. பார்க்கப் பன்றிபோல் இருந்தது. மக்கள் மனம் புண்பட்டது. சுமார் 94 லட்சம் காசுகள் அடித்திருந்தார்கள். சுமார் 7 லட்சம்தான் வெளியே வந்தன. மற்றவற்றை உருக்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டு யானையின் உருவத்தைத் திருத்தினார்கள்.

எனவே 1911 ரூபாய் குறைவாகவே கிடைக்கிறது. வெள்ளியின் எடை விலையைவிட அதற்கு விலை அதிகம். ஆனால் லட்சக்கணக்கில் போகாது.

நினைவில் வையுங்கள்

1. காசைப் புளி, சாம்பல் போட்டுத் தேய்க்காதீர்கள். எழுத்தும் உருவமும் தேய்ந்தால் விலை குறையும்.
2. போலிக் காசும் உண்டு. நல்ல வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். காந்தத்தில் ஒட்டாது.
3. இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். அன்றைய வெள்ளி விலையையும் கேளுங்கள்.
4. "உங்கள் காசுக்கு ஐந்து லட்சம் தருகிறோம். முதலில் கட்டணம் அனுப்புங்கள்" என்று போன் வந்தால் நம்பாதீர்கள். ரிசர்வ் வங்கி இந்த வியாபாரம் செய்வதில்லை. யாருக்கும் அனுமதி தரவும் இல்லை. 2021-இல் வங்கியே இப்படி எச்சரித்தது.
5. நிலத்தைத் தோண்டும்போது காசுப் புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். இது 1878-ஆம் ஆண்டுச் சட்டம்.

பாட்டி ரூபாயை மெல்லிய துணியில் சுற்றினார். "இருபது வருஷமாக இடுப்பிலே வைத்திருந்தேன். இன்றைக்குத்தான் அதைப் படித்தேன். விலை விசாரித்து விட்டுப் பிறகு பார்க்கலாம்" என்றார்.

சொற்பொருள்

அரியது – எளிதில் கிடைக்காதது
போலி – உண்மை அல்லாதது

விடை சொல்லுங்கள்

1. ஓட்டைக் காலணாவுக்கு ஏன் விலை குறைவு?
2. 1911 ரூபாயை ஏன் உருக்கினார்கள்?
3. 64 காலணா ஒரு ரூபாய். அரை ரூபாய்க்கு எத்தனை காலணா?

செய்து பாருங்கள்

வீட்டில் உள்ள பழைய காசுகளை எடுங்கள். அவற்றின் ஆண்டுகளைப் படித்து நோட்டில் எழுதுங்கள்.